வட்டாவும் கிதாபும்: வாவிக்கரையின் ஞாபகசாலைகள்

அமிர்தகழியில் எனக்கொரு பழைய நண்பர் இருக்கிறார். என்னைப் போலவே ஓய்வுபெற்ற ஆசிரியர். அவரது பேரனுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுத்திருந்தார்கள். 'எமது பிரதேசத்தில் பார்க்க வேண்டிய வரலாற்று நூதனசாலைகள்' என்பது தலைப்பு. பேரன் பாட்டனாரிடம் கேட்க, பாட்டனார் எனக்குக் கோல் எடுத்தார்.

"காக்கா, எங்கட பக்கத்தில பிள்ளையளுக்குக் காட்டுறதுக்கு என்னதான் கிடக்கு? யோசிச்சுப் பார்த்தா ரெண்டு மூண்டுக்கு மேல வருதில்ல."

"நாமளே ஒரு சுற்று போய்ப் பார்ப்பம் மாஸ்டர்" என்றேன். மூன்று நாட்கள் ஓட்டோவிலும் பஸ்ஸிலுமாகத் திரிந்தோம். பேரனின் ஒப்படை இரண்டு பக்கத்தில் முடிந்துவிட்டது. எனக்குத்தான் முடியவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

குளக்கரையில் தொடங்கினோம்

நண்பரின் வீட்டிலிருந்து மாமாங்கேஸ்வரர் ஆலயத்துக்கு நடந்தே போகலாம். ஊரார் அதை மாமாங்கப் பிள்ளையார் கோயில் என்றே சொல்வார்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு மட்டக்களப்பின் எல்லாத் திசைகளிலிருந்தும் சனம் வந்து குவியும் இடம் அது. 1960களின் பிற்பகுதியில், நான் சிறுவனாக இருந்தபோது, அந்தத் திருவிழாவில் எனது வாப்பா வளையல் கடை போடுவார். காத்தான்குடியிலிருந்து வந்த வேறு பல கடைகளும் வரிசையாக இருக்கும். வளையல், சீப்பு, விளையாட்டுச் சாமான், பேரீச்சம்பழம். இரவில் சாமான் பெட்டிகளை நண்பரின் வீட்டு விறாந்தையில்தான் அடுக்கி வைப்போம். அந்த விறாந்தையில்தான் எங்கள் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது.

கோயிலுக்குள் நூதனசாலை எதுவும் இல்லை. ஆனாலும் பட்டியலில் அதையே முதலாவதாக எழுதும்படி பேரனிடம் நான் சொன்னேன். அந்த மண்ணில் எத்தனை அடுக்குகள் இருக்கின்றன என்பதைப் பாருங்கள். இராமர் மணலால் லிங்கம் பிடித்து வழிபட்டார் என்ற ஐதீகம் ஓர் அடுக்கு. வடக்கே சற்றுத் தூரத்தில் சத்துருக்கொண்டான், அதற்கும் அப்பால் ஏறாவூர் என்று தொடரும் இடப்பெயர்கள் இன்னோர் அடுக்கு. முக்குவரும், அவர்களுக்குத் துணை நின்ற முஸ்லிம் பட்டாணியரும் சேர்ந்து திமிலரை விரட்டிச் சென்ற வழியே இந்தப் பெயர்கள் என்று மட்டக்களப்புப் பழங்கதை சொல்லும். எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த 'மட்டக்களப்பு மான்மியம்', அதற்கு இரண்டாண்டுகளின் பின் வந்த வி. சி. கந்தையாவின் 'மட்டக்களப்புத் தமிழகம்' ஆகிய நூல்களைப் படித்தவர்கள் இந்த மரபுச் செய்திகளை அறிவார்கள். கதை எவ்வளவு தூரம் சரித்திரம் என்பது ஆய்வாளர் பாடு. இரு சமூகங்கள் ஒரே கதையைத் தம் கதையாகச் சொல்லி வந்திருக்கின்றன என்பதே எனக்கு முக்கியமாகப்படுகிறது.

1988 மார்ச் 19 முதல் ஏப்ரல் 19 வரை அன்னை பூபதி உண்ணாவிரதமிருந்து உயிர் நீத்ததும் இந்தக் கோயில் வளவில்தான். அது வேறோர் அடுக்கு. இவற்றில் எதையும் சொல்லும் ஒரு பலகையை வாசிக்க வேண்டுமானால் எங்கே போவது என்று பேரன் கேட்டான். பதில் சொல்ல எங்கள் இருவராலும் முடியவில்லை.

கோட்டை

அடுத்த நாள் புளியந்தீவுக் கோட்டைக்குப் போனோம். இரண்டு புறம் வாவி, மற்ற இரண்டு புறம் அகழி. நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்து, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படைகளோடு சேர்ந்து இதைப் பிடித்தார்கள். சில நாட்களில் மன்னனுக்கும் ஒல்லாந்தருக்கும் ஒப்பந்தம் கைச்சாத்தானதும் மட்டக்களப்பில்தான். அதற்கு 36 ஆண்டுகள் முன்பே, 1602இல், ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தத் தளபதி இதே கரையில் இறங்கிக் கண்டிக்குப் போயிருந்தார். இலங்கையின் அடுத்த ஒன்றரை நூற்றாண்டுத் தலையெழுத்து இந்த வாவிக்கரையில் எழுதப்பட்டது என்று சொன்னால் மிகையாகாது.

நெடுங்காலம் இந்தக் கோட்டைக்குள் கச்சேரி இயங்கியது. அதனால் எங்கள் தலைமுறைக்குக் கோட்டை என்றால் காணி உறுதி, பிறப்புப் பத்திரம், ஓய்வூதியக் கடிதம். நண்பர் மதிலின் மேல் கைவைத்து, "எத்தினை தரம் இதுக்குள்ள வந்திருப்பம், ஒரு தரமாவது நிமிர்ந்து பார்த்தமா?" என்றார். உண்மைதான். பீரங்கியின் பக்கத்தில் நின்று படிவம் நிரப்பியிருக்கிறேன், பீரங்கியைப் பார்த்ததில்லை.

இந்தக் கோட்டையின் கதையில் முஸ்லிம்களுக்கும் ஓர் இடம் உண்டு. 1626இல் போர்த்துக்கேயர் தமது ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்து, 4000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அதற்கு முன்பே இங்கு முஸ்லிம்கள் வாழ்ந்தார்கள். ஆனாலும் விரட்டப்பட்டவர்கள் வந்து சேர்ந்த இரண்டாம் வருடத்திலேயே, விரட்டியவர்கள் அவர்களைத் தேடி வந்ததுபோல இந்தக் கோட்டையைக் கட்டினார்கள் என்பதை நினைத்துப் பார்க்கும்போது மதிலின் கற்கள் வேறு மாதிரித் தெரிகின்றன.

காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை

பிற்பகல் பாலம் கடந்து கல்லடி வழியாக எனது ஊருக்கு வந்தோம். வழியில் கல்லடி உப்போடையில் விபுலானந்த அடிகளாரின் சமாதியடியில் சற்று நின்றோம். காரைதீவில் 1892இல் பிறந்த அடிகளார், வழக்கொழிந்து போன யாழை நூல்களில் கிடந்த சொற்களைக் கொண்டே மீட்டெடுக்க முயன்றவர். 1947இல் 'யாழ் நூல்' வெளிவந்தது. அதே ஆண்டு அவர் காலமானார். கருவி அழிந்தாலும் அதைப் பற்றிய எழுத்து தப்பியிருந்தால் ஓரளவு மீட்கலாம் என்பதற்கு அவரே சாட்சி. எழுத்தும் அழிந்தால்? இந்தக் கேள்வியைப் பின்னால் எடுக்கிறேன்.

காத்தான்குடிப் பூர்வீக நூதனசாலை 2015இல் திறக்கப்பட்டது. கிழக்கிலங்கை முஸ்லிம்களின் பழைய வாழ்க்கையைக் காட்டவென்று எழுந்த கட்டடம். அந்தக் காலத்து வீட்டுப் பாவனைப் பொருட்களோடு ஆளுயர உருவங்களையும் அமைத்து வாழ்க்கைக் காட்சிகளை அங்கே உருவாக்கினார்கள். திறந்த காலத்திலேயே இந்த உருவங்கள் பற்றி ஊரில் வாதம் எழுந்தது. உயிருள்ளவற்றின் உருவங்களைச் செய்து வைப்பது மார்க்கத்தில் ஆகுமா என்பது கேள்வி. கேள்வி கேட்டவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அது நமது மரபுக்குள்ளிருந்து எழும் நியாயமான கேள்வி. ஆனால் பதிலும் நமது மரபுக்குள்ளேயே கிடக்கிறது. உருவம் இல்லாமலே உரலும் உலக்கையும், தறியும் பாயும், திருமணப் பெட்டகமும் பேசும். ஓடாவி செதுக்கிய கதவு நிலை பேசும். வாதத்தில் காட்டிய அக்கறையில் பாதியைப் பொருட்களைச் சேர்ப்பதில் காட்டியிருந்தால் இன்று ஒவ்வொரு ஊரிலும் ஒரு நூதனசாலை இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது வேறு. நாங்கள் பழைய சாமான்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வரும்போது வெற்றிலை வட்டாவைப் பற்றிப் பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பித்தளை வட்டா இருந்தது. உம்மும்மாவின் சீதனம். சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கு முன்னால் அதுதான் வைக்கப்படும். அதை முஸ்லிம் கலாசாரப் பொருள் என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நண்பர் சிரித்தார்.

"காக்கா, அதே வட்டா எங்கட வீட்டிலயும் கிடக்கு. அம்மாட சீதனம். எங்கட பிள்ளைக்கு நான் அதைத் தமிழர் கலாசாரம் எண்டு சொல்லிக் குடுத்திருக்கன்."

இருவரும் சிரித்தோம். ஆனால் யோசித்தால் சிரிப்புக்குரிய விடயமல்ல. வட்டா மட்டுமா? தாய் வழியில் வரும் குடிமுறை இரு சமூகங்களுக்கும் பொது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுத்து மருமகனை வீட்டுக்கு எடுப்பதும் பொது. பள்ளிவாசலில் மரைக்காயர் குடிவழியே தெரிவாவதும் கோயிலில் வண்ணக்கர் குடிவழியே வருவதும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள். ஒரே வட்டாவை இரண்டு கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து இரண்டு பெயர்ப்பலகை எழுதினால் இரண்டு பலகையும் பொய் சொல்லா. ஆனால் இரண்டுமே அரை உண்மைதான் சொல்லும்.

சுவர்கள்

ஊரில் இன்னோர் ஞாபகசாலையும் உண்டு. அதற்கு நுழைவுச்சீட்டில்லை. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இரவு இஷாத் தொழுகையில் நின்றவர்களை மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனிய்யாப் பள்ளிவாசலிலும் விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் ஷஹீதானார்கள். சிறுவர்களும் அவர்களில் இருந்தனர். மீரா பள்ளிவாசலின் சுவரில் குண்டுகள் துளைத்த அடையாளங்களை ஊர் பூசி மறைக்கவில்லை. எட்டு நாள் கழித்து ஏறாவூரிலும் நூற்றுக்கு மேல் கொல்லப்பட்டார்கள்.

நண்பர் அந்தச் சுவரின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நெடுநேரம் நின்றார். எதுவும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் என்னைச் சத்துருக்கொண்டான் நினைவுத் தூபிக்கு அழைத்துப் போனார். 1990 செப்ரெம்பர் 9ஆம் திகதி அங்கும் அயற்கிராமங்களிலும் இராணுவத்தால் கூட்டிச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்ட தமிழர்கள் 180க்கும் மேற்பட்டோர். குழந்தைகளும் பெண்களுமே அதிகம். நானும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு சம்பவங்களுக்கும் இடையில் 37 நாட்கள். இரண்டு இடங்களுக்கும் இடையில் ஓட்டோவில் அரைமணித்தியாலம்கூட இல்லை. இருந்தும் எங்கள் அறுபது வயதுக்குப் பிறகுதான் ஒருவர் மற்றவரின் இடத்தில் போய் நின்றோம்.

பிற நாடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். போலந்தில் அவுஷ்விட்ஸ் வதைமுகாம் 1945 ஜனவரி 27இல் விடுவிக்கப்பட்டது. இரண்டரை வருடத்துக்குள், 1947இல், அந்த நாட்டுப் பாராளுமன்றம் சட்டம் இயற்றி அவ்விடத்தை நினைவு நூதனசாலையாக்கியது. அங்கு கைதிகளாக இருந்து உயிர் தப்பியவர்களே முன்னின்று அதை அமைத்தார்கள். அதே நாட்டின் ஷ்லேஷியப் பகுதியில், கற்றோவிற்சே நகரில், மூடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்தின் வளவில் 2015இல், நமது காத்தான்குடி நூதனசாலை திறந்த அதே ஆண்டில், ஒரு பெரிய நூதனசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. காட்சிக்கூடங்களில் பெரும்பகுதி நிலத்தின் கீழே. போலந்துக்காரரும் ஜேர்மனியரும் கலந்து வாழ்ந்த பிரதேசம் அது. யாருடைய கதையை எவ்வளவு சொல்வது, எங்கிருந்து தொடங்குவது என்று அங்கேயும் பெரிய சர்ச்சை நடந்தது. அப்படியானால் இது நமக்கு மட்டும் வந்த நோயல்ல. நமக்குக் குறைவாக இருப்பது அந்தச் சர்ச்சையை ஒரே கூரையின் கீழ் நடத்தும் பழக்கம்தான்.

ஒரு வெள்ளிக்கிழமைக் கதை

பேரனின் பட்டியலில் கொழும்பு இல்லை. அது எமது பிரதேசமில்லை என்றான். ஆனாலும் நூதனசாலை என்ற பேச்சு வந்தால் ஒரு கதையைச் சொல்லாமல் விட முடியாது. கொழும்புத் தேசிய நூதனசாலை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. ஆளுநர் சேர் வில்லியம் கிறகரியின் முயற்சி. வரைபடம் ஸ்மிதருடையது. கட்டியவர் அரசி மரிக்கார் வாப்பிச்சி மரிக்கார் என்ற முஸ்லிம் ஒப்பந்தகாரர். சேர் ராசிக் பரீத் அவர்களின் பாட்டனார். கட்டடத்தைக் கண்டு மகிழ்ந்த ஆளுநர், என்ன கௌரவம் வேண்டும் என்று கேட்டபோது, பட்டம் எதுவும் வேண்டாம், வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூட வேண்டும் என்று மரிக்கார் கேட்டாராம். அது நிறைவேறியது. பிற்காலத்தில் கண்டியரசனின் சிம்மாசனத்தைக் காட்சிக்கு வைக்க வெள்ளிக்கிழமையும் திறக்க வேண்டி வந்தபோது, பிரதமர் டீ. எஸ். சேனநாயக்க, ராசிக் பரீத் அவர்களிடம் சம்மதம் கேட்டுப் பெற்றார் என்றும் சொல்வார்கள். இன்று அந்த வழக்கம் இல்லை. கேட்டுச் செய்த பண்பைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

மரிக்கார் கட்டிய அந்தக் கட்டடத்துக்குள் காலி மும்மொழிக் கல்வெட்டு இருக்கிறது. 1409இல் சீனாவில் பொறிக்கப்பட்டு, கடற்தளபதி செங் ஹோவின் கப்பலில் வந்த கல். செங் ஹோ பிறப்பால் முஸ்லிம். 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியில் புத்தருக்கும், தமிழில் தெய்வேந்திரமுனை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை சொல்லப்படுகிறது. காணிக்கைப் பொருட்களோ ஏறத்தாழ ஒன்றே. 600 வருடத்துக்கு முன் வேற்று நாட்டவன் ஒருவன் இந்தத் தீவுக்கு ஒரே கல்லில் மூன்று மொழியில் எழுதினான். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்பொருள்களைக் கவனிக்க நியமிக்கப்பட்ட ஜனாதிபதிச் செயலணியில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ ஒரு முஸ்லிமோ இருக்கவில்லை. அந்தக் கல்லை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து நியமித்திருக்கலாம்.

கிதாபுப் பெட்டி

மற்றவர்களைக் குற்றம் சொல்லி முடித்துவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இராது. எனது வீட்டுக் கதையையும் சொல்கிறேன்.

உம்மும்மாவிடம் ஒரு மரப்பெட்டி இருந்தது. அதற்குள் அரபுத்தமிழ்க் கிதாபுகள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களின் 'மகானி' அதிலொன்று. கையெழுத்துப் பிரதிகளும் இருந்தன. மருத்துவக் குறிப்புகள், தாலாட்டுகள், யார் வீட்டில் எந்த வருடம் யார் பிறந்தார் என்ற குறிப்புகள். உம்மும்மாவுக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. அரபு எழுத்தில் எழுதிய தமிழை வாசிப்பார். மாலையில் அயல் வீட்டுப் பெண்கள் கூடியிருக்க, அவர் ராகமிட்டு வாசிப்பது இன்றும் காதில் கேட்கிறது. நமது பெண்களை எழுத்தறிவற்றவர்கள் என்று எழுதிய கணக்கெடுப்புகளில் அவர் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டிருப்பார் என்று நான் யோசிப்பதுண்டு.

அவர் மௌத்தான பின் வீடு திருத்தும்போது அந்தப் பெட்டியைத் திறந்தார்கள். பூச்சி அரித்த தாள்கள். எழுத்து அரபு எழுத்து. எவருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. குர்ஆன் ஏடுகளாக இருக்குமோ, காலில் மிதிபட்டால் பாவமல்லவா என்று பயந்து, மரியாதையோடு சாக்கில் கட்டி, தோணியில் கொண்டுபோய் வாவியின் ஆழத்தில் இறக்கிவிட்டார்கள். நான் அப்போது வெளியூரில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வந்து கேட்டபோது, "எல்லாம் கண்ணியமா அடக்கியாச்சு மகன்" என்றார் உம்மா. அவருக்கு நான் என்ன சொல்ல? அவர் செய்தது மரியாதை. விளைந்தது அழிவு.

எந்தப் படையும் வந்து எரிக்கவில்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிக் கடலும் கொண்டுபோகவில்லை. நமது கையாலேயே நமது எழுத்தைத் தண்ணீரில் இறக்கினோம். விபுலானந்தருக்கு யாழ் பற்றிய சொற்களாவது மிச்சமிருந்தன. எங்கள் உம்மும்மாவின் தாலாட்டுக்கு அதுவும் இல்லை.

வட்டா மட்டும் தப்பியது. 1990இல் நாட்கள் கெட்டபோது உம்மா அதைப் பழைய துணியில் சுற்றி அரிசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

செய்யக்கூடியவை

பெரிய கட்டடம் கட்ட நம்மிடம் பணமில்லாமல் இருக்கலாம். ஆனால் சிலவற்றை இன்றே செய்யலாம். வீட்டில் அரபு எழுத்தில் பழைய தாள் கிடைத்தால், அடக்குவதற்கு முன் வாசிக்கத் தெரிந்த ஓர் ஆலிமிடம் காட்டுங்கள். குர்ஆன் ஏடாக இருந்தால் மார்க்கம் சொன்னபடி செய்யலாம். அரபுத்தமிழாக இருந்தால் படம் பிடியுங்கள். இப்போது ஒவ்வொருவர் கையிலும் படம் பிடிக்கும் கருவி இருக்கிறது. 2005 முதல் இயங்கும் நூலகம் எண்ணிம நூலகம் போன்ற முயற்சிகள் இருக்கின்றன. அவர்களிடம் பிரதியைக் கொடுங்கள். பித்தளைச் சாமானை நிறுத்து விற்குமுன் அது யாருடையது, எப்போது வந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். பெயரில்லாத பொருள் நூதனசாலைக்குப் போனாலும் ஊமையாகவே இருக்கும்.

பள்ளிவாசல் நிர்வாகத்தினருக்கும் கோயில் நிர்வாகத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். ஒருவரின் நினைவிடத்துக்கு மற்றவரின் பிள்ளைகளை வருடத்தில் ஒருமுறை அழைத்துப் போங்கள். சொற்பொழிவு வேண்டாம். நின்று பார்த்துவிட்டு வரட்டும்.

பேரனின் ஒப்படைக்கு நல்ல புள்ளி கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் அவன் ஒரு படம் ஒட்டியிருந்தான். எங்கள் வீட்டு வட்டாவையும் அமிர்தகழி வட்டாவையும் அதே பழைய விறாந்தையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுத்த படம். எது யாருடையது என்று எழுத மறந்துவிட்டான். ஆசிரியர் சிவப்புப் பேனையால் கேள்விக்குறி போட்டிருந்தார். நண்பர் படத்தை எனக்குக் காட்டி, "இடப்பக்கம் உங்கட, என்ன காக்கா?" என்றார். நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டு உற்றுப் பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.